மரமில்லா மலையில் யார் குடியிருக்கிறார்கள்? உயிரினப் பரவல் வரைபடத்தை உருப்படியாகப் போட ஒரு முழுமையான வழிகாட்டி

வேலூரைக் கிண்டல் செய்ய ஒரு பழைய அடுக்கு உண்டு: நீரில்லா ஆறு, அரசனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில், மரமில்லா மலை. சாமி 1981இல் கோட்டைக் கோயிலுக்குத் திரும்பிவிட்டார். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியது. மரமில்லா மலை மட்டும் அப்படியே நிற்கிறது. என்னைக் கேட்டால் அதைக் குறையாகச் சொல்லவே கூடாது. உருண்டைப் பாறைகளும் முட்புதரும், இடுக்குகளில் இச்சியும் அத்தியும் பிடித்து நிற்கும் கற்குன்றுகளும்தான் மஞ்சள் தொண்டைச் சின்னானுக்கு வீடு. தீபகற்ப இந்தியாவின் தென்பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பறவை அது. சர்வதேசச் சிவப்புப் பட்டியலில் அழிவாய்ப்பு இனம்.

வருவாய்ப் பதிவேட்டில் இந்தக் குன்றுகளுக்குப் பெயர் வேறு: தரிசு, கல்லாங்குத்து, பாறைப் புறம்போக்கு. கல் குவாரிக்கு இடம் தேடுபவரும் இங்கேதான் முதலில் பார்ப்பார். மரம் நட இடம் தேடும் நல்லவரும் இங்கேதான் பார்ப்பார். ‘இங்கே ஒன்றும் இல்லை’ என்று எழுதி வைத்த இடத்தில் என்ன இருக்கிறது என்று காட்ட வேண்டுமானால் வரைபடம் வேண்டும். அதுவும் கேள்வி கேட்டால் தாங்கி நிற்கிற வரைபடம்.

நான் போட்ட முதல் வரைபடம் தாங்கவில்லை. ஏலகிரிக்கு ஏறும் மலைச்சாலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளும் அதில் செக்கச் செவேலென்று ஒளிர்ந்தன. பக்கத்துச் சரிவுகள் வெளிறிக் கிடந்தன. பறவைக்குத் தார்ச்சாலை மேல் அப்படியென்ன ஆசை என்று கொஞ்ச நேரம் யோசித்த பிறகுதான் உறைத்தது. நான் வரைந்தது பறவை இருக்கும் இடத்தை அல்ல, பறவை பார்ப்பவர்கள் பைக்கை நிறுத்தும் இடத்தை. கீழே வரும் படிகளில் பாதி, அந்தத் தவறைச் சரிசெய்யப் போய்க் கற்றுக்கொண்டவை. கல்லூரி மாணவர்கள், இயற்கை மன்றத்தினர், ஒரு மடிக்கணினியும் வார இறுதியும் உள்ளவர்கள் யாரும் செய்யலாம். உதாரணத்துக்கு இந்தச் சின்னானையே கடைசிவரை கூட்டிக்கொண்டு போகிறேன்.

படி 1: வரைபடம் யாருக்கு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

இதை எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். வனக்கோட்டத்தின் செயல்திட்டத்துக்கா, ஒரு குறிப்பிட்ட குவாரி ஏலத்துக்கு ஆட்சேபம் எழுதவா, ஊராட்சியின் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டுக்கா? முதலாவதற்கு ஒரு கிலோமீட்டர் கட்டம் போதும். இரண்டாவதற்கு அது உதவாது; சர்வே எண் அளவுக்கு இறங்க வேண்டும், அதற்கு மாதிரிக் கணக்கை விட (பறவை கண்ட இடங்களின் தன்மையைக் கற்று, வேறெங்கே இருக்கலாம் என்று கணினி ஊகிப்பதுதான் இங்கே ‘மாதிரி’) நேரில் நடந்த பதிவுதான் பேசும். யாருக்கு என்று தெரிந்தால் எந்த அளவுக்குத் துல்லியம் வேண்டும் என்பது தானாகத் தெரியும்.

அடுத்து எல்லை. மாவட்ட எல்லையை வைத்து வெட்டாதீர்கள். 2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியாகப் போயின. பறவைக்கு அது தெரியாது. ஜவ்வாது மலையை எடுத்தால் வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை மூன்றுக்கும் பங்குண்டு. பேரணாம்பட்டு, குடியாத்தம் காடுகளோ ஆந்திரத்தின் கௌண்டின்யா சரணாலயத்தோடு ஒட்டிக் கிடக்கின்றன. 1980களில் அங்கே போய்ச் சேர்ந்த யானைகள் இன்னும் இரு மாநில எல்லையைக் கோடாக மதிப்பதில்லை. ஆகவே ஆய்வுப் பரப்பைக் குன்றுத் தொடரை வைத்துத் தீர்மானியுங்கள்: ஏலகிரி, ஜவ்வாது, பாலாற்றுக்கு வடக்கே எல்லையோரக் குன்றுகள், சோளிங்கர் வரை. சுற்றிலும் ஒரு 20 கிலோமீட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்காகத் தமிழ்நாடு முழுவதையும் எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். காவிரி டெல்டாவில் கற்குன்றுப் பறவை இல்லை என்று கண்டுபிடிக்க கணினி எதற்கு? அப்படிப் பரப்பைப் பெருக்கினால் மாதிரியின் மதிப்பெண் பொய்யாக எகிறும். மதிப்பெண் விஷயம் படி 6இல் வரும்.

படி 2: புள்ளிகளைச் சேர்த்தல், அப்புறம் ஒவ்வொன்றையும் சந்தேகப்படுதல்

கண்டதை யாரும் பதிந்து வைக்கும் இணையதளங்கள் இருக்கின்றன: பறவை என்றால் ஈபேர்ட், மற்றவற்றுக்கு ஐநேச்சுரலிஸ்ட், இந்தியப் பல்லுயிர்த் தளம், இவற்றில் பலவற்றையும் அருங்காட்சியகப் பதிவுகளையும் ஒரே இடத்தில் தரும் ஜிபிஐஎஃப். இறக்கிக்கொள்ள அரை மணி நேரம் போதும். சுத்தம் செய்ய இரண்டு வாரம் ஒதுக்குங்கள்.

முதல் சந்தேகம் இடப்பெயர். அருங்காட்சியகங்களில் பாடம் செய்து வைத்த பழைய தாவர, விலங்குகளின் சீட்டில் வெறுமனே ‘வட ஆற்காடு’ என்று எழுதியிருக்கும். எந்த வட ஆற்காடு? 1911இல் சித்தூர் மாவட்டம் பிரியும் வரை சித்தூரே வட ஆற்காட்டின் தலைநகர். திருப்பதி மலையும் அதற்குள்தான். ஆக 1905இல் எழுதிய ‘வட ஆற்காடு’ சேஷாசலம் மலைச்சரிவாக இருக்கலாம். 1930இல் எழுதியது ஜவ்வாதாக இருக்கலாம். 1989இல் திருவண்ணாமலைப் பக்கம் தனி மாவட்டம் ஆனபின் அர்த்தம் இன்னும் சுருங்கியது. ஒரே பெயர், வெவ்வேறு நிலப்பரப்பு. இந்தச் சீட்டுகளைக் கணினியில் ஏற்றியவர் என்ன செய்திருப்பார்? பல நேரம் இன்றைய மாவட்டத்தின் நட்டநடுவில் ஒரு புள்ளி வைத்துவிடுவார். அந்தப் புள்ளி வயலிலோ ஊருக்குள்ளோ போய் உட்காரும். ஒரே ஆயத்தொலையில் சம்பந்தமில்லாத பல இனங்கள் குவிந்திருந்தால் அது மாவட்ட மையப் புள்ளி என்று சந்தேகியுங்கள். ஆண்டைப் பாருங்கள், சேகரித்தவர் அதே வாரத்தில் வேறெங்கு இருந்தார் என்று பாருங்கள். முடியாவிட்டால் தள்ளிவிடுங்கள். வரலாற்றுக் குறிப்பாக வைத்துக்கொள்ளலாம், மாதிரிக்குள் விடக் கூடாது.

இரண்டாவது, எண்களில் நடக்கும் கூத்து. வேலூர் நகரம் சுமார் 12 பாகை 55 கலை வடக்கு, 79 பாகை 8 கலை கிழக்கு. இதைச் சிலர் 12.55 என்றும் 79.8 என்றும் அப்படியே தட்டிவிடுகிறார்கள். ஒரு பாகைக்கு 60 கலை என்பதால் சரியான தசம எண் 12.917, 79.133. அட்சரேகையில் மட்டும் தவறினால் வேலூர்ப் பறவை 40 கிலோமீட்டர் தெற்கே பறந்து போளூர்ப் பக்கம் இறங்கும். தீர்க்கரேகையில் தவறினால் காஞ்சிபுரத்தையே தாண்டிவிடும். இரண்டையும் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒன்று என் குறிப்பேட்டிலிருந்தே வந்தது.

தசமத்துக்குப் பின் எத்தனை இலக்கம் என்பதையும் பாருங்கள். ஒரு இலக்கம் என்றால் துல்லியம் சுமார் 11 கிலோமீட்டர், இரண்டு என்றால் 1.1 கிலோமீட்டர், மூன்று என்றால் 110 மீட்டர். குன்றுப் பறவைக்கு மூன்றாவது இலக்கமாவது வேண்டும். ஐநேச்சுரலிஸ்டில் அழியும் நிலையில் உள்ள இனங்களின் இடத்தை வேண்டுமென்றே மறைப்பார்கள்: 0.2 பாகைச் சதுரத்துக்குள், அதாவது 20 கிலோமீட்டருக்கு மேல் அகலமுள்ள பெட்டிக்குள், எங்கோ ஒரு இடத்தில் புள்ளி விழும். திருட்டைத் தடுக்க அது நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தப் புள்ளியை நம்பி உயரமும் சரிவும் எடுத்தால் ஏலகிரி உச்சிப் பறவை ஜோலார்பேட்டை தண்டவாளத்தில் நிற்கும்.

ஈபேர்டில் வேறு சிக்கல். ஒருவர் ஒரு நடையில் கண்டதை எழுதும் பட்டியலின் புள்ளி, நடை தொடங்கிய இடத்திலோ பொது இடப்புள்ளியிலோ இருக்கும். பறவை அங்கிருந்து நான்கு கிலோமீட்டர் தள்ளி இருந்திருக்கலாம். ஆகவே நடந்த தூரம் ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள பட்டியல்களை முதலில் எடுங்கள்.

மூன்றாவது, அடையாளம். இந்தச் சின்னானோடு குழம்புவது வெண்புருவச் சின்னான். இரண்டும் ஒரே புதரில் வரும். வெண்புருவத்துக்குப் பெயரிலேயே உள்ள வெள்ளைப் புருவம், மங்கிய ஆலிவ் உடல். நம்முடையதற்குத் தலையும் தொண்டையும் பளிச்சென்ற மஞ்சள், உடல் சாம்பல். வெண்புருவத்துக்கும் வாலடியில் வெளிர் மஞ்சள் உண்டு என்பதால், ஓடி மறைகிற பறவையின் பின்புறத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பலர் எழுதிவிடுகிறார்கள். படமோ ஒலிப்பதிவோ இல்லாத பதிவைத் தனிப் பத்தியில் வையுங்கள். எல்லாம் முடிந்தபின் அதைச் சேர்த்தும் சேர்க்காமலும் ஓட்டிப் பார்த்தால், வரைபடம் அதை எவ்வளவு நம்பியிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

படி 3: பார்வையாளரின் கால்தடத்தைக் கழித்தல்

என் கொண்டை ஊசி வளைவுக் கதைக்கு மருந்து இதுதான்; இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் ஒழுங்காகச் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

மேக்ஸ்என்ட் போன்ற, பரவல் மாதிரி போடும் நிரல்களுக்கு, பறவை ‘இருந்த’ புள்ளிகள் மட்டும் போதும் என்பார்கள். உண்மையில் அது இருந்த புள்ளிகளை, பரப்பெங்கும் தூவிய பின்னணிப் புள்ளிகளோடு ஒப்பிடுகிறது. நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் 10,000 புள்ளிகளைத் தானே தாறுமாறாகத் தூவிக்கொள்ளும். அதன் அர்த்தம்: ‘பார்ப்பவர்கள் எல்லா இடத்துக்கும் சமமாகப் போனார்கள்.’ நம் ஊரில் அது எவ்வளவு பொய்! பதிவுகள் ஏலகிரிச் சாலையில், கல்லூரி வளாகங்களில், அமிர்தி அருவிக்குப் போகும் வழியில், காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில் குவிந்திருக்கின்றன. பீஞ்சமந்தைக்கும் ஜார்தான்கொல்லைக்கும் மேலே உள்ள சரிவுகளில் எத்தனை பேர் தொலைநோக்கியோடு போனார்கள்? விரல் விட்டு எண்ணலாம்.

இரண்டு வேலை செய்ய வேண்டும். ஒன்று, அடர்த்தியைக் கலைத்தல்: ஒரு கட்டத்துக்கு ஒரு புள்ளி, அல்லது புள்ளிகளுக்கு நடுவே குறைந்தது ஒரு கிலோமீட்டர். ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியில் இதற்கென்றே தொகுப்புகள் உள்ளன. செய்ததும் உங்கள் புள்ளிகளில் பாதிக்கும் மேல் காணாமல் போகும். மனசு கேட்காது. பரவாயில்லை, விட்டுவிடுங்கள். ஒரே பாறையில் இருபது பேர் பார்த்த ஒரே ஜோடிப் பறவை இருபது சான்று ஆகாது.

இரண்டாவது வேலை இன்னும் முக்கியம்: பின்னணிப் புள்ளிகளையும் அதே சாய்வோடு எடுப்பது. நம் பரப்பில் யாரோ ஒருவர் வேறு ஏதாவது சின்னானையோ புதர்ப் பறவையையோ பதிந்த இடங்களை எல்லாம் சேர்த்து, அவற்றையே பின்னணியாகக் கொடுங்கள். செம்புழைச் சின்னான் எங்கும் இருக்கும், எல்லோரும் எழுதுவார்கள். அதன் பதிவுகள் பார்வையாளர்களின் கால்தடம்தான். இப்போது கேள்வி மாறிவிடுகிறது. ‘ஆள் போன இடத்துக்கும் போகாத இடத்துக்கும் என்ன வித்தியாசம்’ என்பது போய், ‘ஆள் போன இடங்களுக்குள், இந்தப் பறவை இருந்த இடத்தில் என்ன விசேஷம்’ என்று ஆகிறது. நான் இதை மாற்றியதும் சாலை அணைந்தது; மலையின் வடகிழக்குச் சரிவு ஒன்று மெல்லச் சிவந்தது.

ஈபேர்டின் முழுப் பட்டியல்கள் இருந்தால் இன்னும் நல்லது. பார்த்த எல்லா இனத்தையும் எழுதினேன் என்று ஒருவர் உறுதி சொன்ன பட்டியலில் நம் பறவை இல்லை என்றால், அந்த ‘இல்லை’க்கும் கொஞ்சம் எடை உண்டு.

ஒரு எச்சரிக்கை. ‘இல்லை’ என்பதற்கு எப்போதும் நிலம்தான் காரணம் என்று மாதிரி நினைக்கும். சந்தன மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜவ்வாது மலை சந்தனத்துக்குப் பேர்போனது, திருப்பத்தூரில் அரசின் சந்தனக் கிடங்கே இருக்கிறது. பல காலம் வெட்டிக் கடத்தி முடித்த சரிவில் இன்று மரம் இல்லையென்றால், அதற்கு மழையும் மண்ணும் என்ன செய்யும்? மாதிரியோ ‘இந்த மழைக்கு, இந்த உயரத்துக்குச் சந்தனம் ஒத்துவராது’ என்று கற்றுக்கொள்ளும். கோடரி செய்ததைக் காலநிலை மேல் எழுதிவிடும். மனிதன் தொட்ட இனங்களுக்குப் பழைய பதிவுகளைத் தனியாக வைத்து ஓட்டிப் பார்க்காமல் முடிவு சொல்லாதீர்கள்.

படி 4: நிலத்தைச் சொல்லும் அடுக்குகள்

பெரும்பாலோர் வேர்ல்ட்கிளிம் தளத்தின் 19 காலநிலை மாறிகளை இறக்கி, எல்லாவற்றையும் உள்ளே கொட்டி, பொத்தானை அழுத்துகிறார்கள். வேண்டாம். அவற்றில் பல ஒன்றின் நிழல் ஒன்று. இரண்டு மாறிகளுக்கு நடுவே ஒட்டுறவு (இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கும் அளவு; 1 என்றால் முழுசாக) 0.7க்கு மேல் போனால் ஒன்றைத் தூக்கிவிடுங்கள். எதைத் தூக்குவது என்பதைக் கணினியிடம் விடாமல் பறவையின் வாழ்க்கையை வைத்து முடிவு செய்யுங்கள். பத்துப் பதிவுக்கு ஒரு மாறி என்ற பழைய கணக்கும் மோசமில்லை.

இன்னொன்று: அந்த அடுக்குகளின் (ஒரு மாறிக்கு ஒரு வரைபட அடுக்கு) மிக நுண்ணிய அளவே சுமார் ஒரு கிலோமீட்டர். ஜோலார்பேட்டைச் சமவெளி 400 மீட்டர் உயரம், ஏலகிரி மேல்தளம் 1,000 மீட்டருக்கு மேல். நடுவே உள்ள செங்குத்துச் சரிவு சில பிக்சலுக்குள் முடிந்துவிடும். நம் பறவை வசிப்பது அந்தச் சரிவில். போதாததற்கு இந்த மலைகளில் வானிலை நிலையங்கள் சொற்பம். பிக்சலில் உள்ள வெப்பநிலை அளந்தது அல்ல, கணித்தது.

ஆகவே காலநிலையிலிருந்து இரண்டு மூன்று மாறி போதும். மீதியை நிலத்திலிருந்து எடுங்கள். 30 மீட்டர் பிக்சலில் நிலத்தின் உயரத்தைச் சொல்லும் அடுக்கு இலவசமாகக் கிடைக்கிறது. கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் அதிலிருந்து சரிவு, சரிவின் திசை, கரடுமுரடு மூன்றையும் ஐந்து நிமிடத்தில் எடுக்கலாம். பிறகு சென்டினல்-2 செயற்கைக்கோளின் 10 மீட்டர் படங்கள். ஏப்ரல் மாதப் படம் ஒன்று, டிசம்பர் மாதப் படம் ஒன்று. இரண்டிலும் பசுமைக் குறியீட்டைக் கணக்கிட்டுக் கழியுங்கள். டிசம்பரில் பச்சையாகி ஏப்ரலில் காய்ந்துபோவது முட்புதர். இரண்டிலும் வெளிறிக் கிடப்பது வெறும் பாறை. ஏப்ரல் வெயிலிலும் விடாப்பிடியாகப் பச்சை காட்டும் சிறு துண்டுதான் நமக்குப் புதையல்: பாறை இடுக்கில் ஊற்று, அதைச் சுற்றி அத்தி, இச்சி, நாவல். சுற்றுக்கட்டத்தில் பாறை எவ்வளவு, கோடைப் பச்சை எவ்வளவு என்று இரண்டு அடுக்கு செய்துகொண்டால், 19 காலநிலை மாறியும் சொல்லாததை அவை சொல்லிவிடும்.

எல்லா அடுக்கும் ஒரே ஆயத்தொலை முறையில் இருக்கட்டும். நம் பகுதிக்கு, இடத்தை மீட்டரில் சொல்லும் யுடிஎம் முறையின் 44 வடக்கு மண்டலம். அடுக்குகள் அரைப் பிக்சல் விலகி நின்றால் நிரல் முரண்டுபிடிக்கும், அல்லது முரண்டுபிடிக்காமல் தவறான விடை தரும். இரண்டாவதுதான் ஆபத்து.

படி 5: மாதிரியை ஓட்டுதல்

இது சுலபமான படி. மேக்ஸ்என்ட் இலவசம், ஆர் மொழியிலும் ஓடும். புள்ளிகள் குறைவு என்றால் வளைவுகளை எளிமையாக வையுங்கள், நேர்கோடும் இருபடியும் போதும். வளைவுகள் புள்ளிகளை ஒட்டி நெளிவதைக் கட்டுப்படுத்தும் ‘சீராக்கும் பெருக்கி’ இயல்பாக 1; அதை 0.5 முதல் 4 வரை மாற்றி மாற்றி ஓட்டி ஒப்பிடுங்கள். முடிந்ததும் வரைபடத்தைப் பார்க்கும் முன், ஒவ்வொரு மாறிக்கும் வரும் வளைவைப் பாருங்கள். சரிவு கூடக் கூட வாய்ப்பு ஏறி, ஒரு கட்டத்தில் தளர்ந்தால் புரிகிறது. ஒரு வளைவு ரோலர்கோஸ்டர் போல ஏறி இறங்கினால், மாதிரி பறவையைப் படிக்கவில்லை, உங்கள் புள்ளிகளை மனப்பாடம் செய்கிறது.

படி 6: தேர்வுத்தாளை முன்பே காட்டாமல் தேர்வு வைத்தல்

பலரும் புள்ளிகளில் நான்கில் ஒரு பங்கைத் தாறுமாறாக ஒதுக்கி அதை வைத்துச் சோதிப்பார்கள். ஏயூசி (பறவை இருந்த இடத்தை மற்ற இடத்திலிருந்து மாதிரி எவ்வளவு பிரித்தறிகிறது என்ற மதிப்பெண்; 1 என்றால் முழு மதிப்பெண்) 0.95 வரும், கட்டுரையில் போட்டுக்கொள்வார்கள். சோதனைப் புள்ளி, பயிற்சிப் புள்ளிக்கு 800 மீட்டர் பக்கத்தில் இருந்தால் அது தேர்வா? பக்கத்துப் பெஞ்சைப் பார்த்து எழுதியதுதான்.

பரப்பைத் துண்டுகளாகப் பிரியுங்கள். ஏலகிரி ஒன்று, ஜவ்வாதின் மேற்கு ஒன்று, கிழக்கு ஒன்று, பாலாற்றுக்கு வடக்கே ஒன்று. மூன்றை வைத்துக் கற்றுக்கொடுத்து, நான்காவதைச் சொல்லச் சொல்லுங்கள். சுற்றி வாருங்கள். மதிப்பெண் கண்டிப்பாக விழும். விழுந்த மதிப்பெண்தான் உண்மை. ஒரு துண்டில் மட்டும் அடியோடு விழுந்தால் அங்கே பறவை வேறு மாதிரி வாழ்கிறது, அல்லது அங்குள்ள பதிவுகள் தவறு. இரண்டுமே போய்ப் பார்க்க வேண்டிய விஷயம்.

படி 7: வெயில் ஏறும் முன் மலை ஏறுதல்

திரையில் சிவந்த கட்டங்களையும், வெளிறிய கட்டங்களையும், மாதிரிக்கே சந்தேகமாக இருக்கும் கட்டங்களையும் கலந்து தேர்ந்தெடுங்கள். சிவப்பில் மட்டும் தேடினால் சிவப்பில்தான் கிடைக்கும். முக்கியமாக, சாலையிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியுள்ள கட்டங்கள் பாதியாவது இருக்கட்டும். காப்புக்காடு என்றால் மாவட்ட வன அலுவலரிடம் எழுத்தில் அனுமதி வாங்காமல் கால் வைக்காதீர்கள். வனக்காவலர் கூட வந்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். எந்த ஓடையில் தண்ணீர் வற்றாது என்பது அவருக்குத்தான் தெரியும்.

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, காலை ஆறு முதல் ஒன்பது. ஒன்பதரைக்குப் பிறகு பாறை சுடும், பறவையும் வாயை மூடிக்கொள்ளும். ஒலிபெருக்கியில் அதன் குரலைப் போட்டு வரவழைக்க வேண்டாம். பறவையின் நேரம் வீணாவது ஒருபுறம். பக்கத்துக் கட்டத்துப் பறவை எல்லை தாண்டி வந்து உங்கள் கணக்கைக் கெடுப்பது மறுபுறம்.

ஒரு காலை நினைவிருக்கிறது. ஜவ்வாதின் சரிவில் மாதிரி 0.8 வாய்ப்பு காட்டிய கட்டம். இரண்டு மணி நேரம் உட்கார்ந்தும் ஒன்றுமில்லை. ஆடு ஓட்டி வந்த மலைவாசிப் பெரியவர் நின்று, “என்ன தம்பி, காலையிலேர்ந்து கல்லையே பாத்துக்கிட்டு இருக்க?” என்றார். மொபைலில் படத்தைக் காட்டினேன். “இதுவா? இங்க ஏன் தேடற? அந்தப் பக்கம் ஒரு இச்சிமரம் பழுத்திருக்கு, வா” என்று முன்னே நடந்தார். முந்நூறு மீட்டர். இரண்டு பாறைக்கு நடுவே வேர் இறங்கிய மரம், அடியில் ஈரம். கிளைக்குள் ஏதோ அசைந்தது, ஒரு நொடி மஞ்சள் தலை வெளியே வந்தது, பழத்தைக் கொத்தியது, பாறைக்குப் பின்னால் சரிந்து மறைந்தது. மொத்தமே நான்கு நொடி. “ஐயா, இது வருஷம் பூரா இங்கதான் இருக்குமா?” என்றேன். “பழம் இருக்கற வரைக்கும் இங்க. அப்புறம் கீழ ஓடைக்கு எறங்கிடும்” என்றார். என் மாதிரியில் ‘கோடைப் பச்சை’ என்ற அடுக்கு சேர்ந்தது அதற்கு அப்புறம்தான். படி 4இல் அதைப் பெரிய கண்டுபிடிப்பு மாதிரி எழுதியிருக்கிறேன். அதன் சொந்தக்காரர் அவர்.

சரி, கணக்குக்கு வருவோம். போய்ப் பார்த்து இல்லை என்றால் இல்லை என்று எழுதிவிடலாமா? கூடாது. பறவை அந்தக் கட்டத்தில் இருந்தும் ஒரு தடவைப் போக்கில் கண்ணில்படும் வாய்ப்பு 0.4 என்று வைத்துக்கொள்வோம். ஒருமுறை போய்த் தவறவிடும் வாய்ப்பு 60 சதவீதம். மூன்று முறை போனால் 0.6ஐ மூன்று முறை பெருக்க, 22 சதவீதம். ஐந்து முறை போனால் 8 சதவீதத்துக்குள். ஆக ஒவ்வொரு கட்டத்துக்கும் மூன்று முறையாவது போக வேண்டும், ஒவ்வொரு தடவையும் கண்டதா இல்லையா என்று தனித்தனியாக எழுத வேண்டும். மூன்றையும் கூட்டி ‘உண்டு’ என்று ஒரே வரியில் எழுதிவிட்டால் இந்த வாய்ப்பைக் கணக்கிடவே முடியாமல் போகும்.

முப்பது கட்டம் போய், பன்னிரண்டில் கண்டீர்கள் என்றால் அது 40 சதவீதம். ஆனால் மூன்று முறையில் கண்ணில்படும் வாய்ப்பு 78 சதவீதம்தான் என்பதால், உண்மையில் சுமார் பதினைந்து கட்டங்களில் இருக்கலாம். மீதி மூன்று கட்டம் யாருக்கும் தெரியாமல் குவாரி ஏலத்துக்குப் போகலாம். இருப்பு மாதிரி என்று இதற்குப் பெயர். ஆர் மொழியில் செய்யலாம். புதிதாகக் கிடைத்த புள்ளிகளைப் படி 2க்குத் திருப்பி அனுப்பி, எல்லாவற்றையும் மறுபடி ஓட்டுங்கள்.

படி 8: மேசைக்குக் கொண்டுபோதல்

நீலத்திலிருந்து சிவப்பு வரை வண்ணம் பூசிய ஒற்றைப் படத்தை அலுவலகத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். பார்ப்பவர் ‘சிவப்பு எது, அதைக் காப்போம், மீதியை விடுவோம்’ என்பார். மஞ்சள் வண்ணத்துக்கு என்ன அர்த்தம் என்று அவர் கேட்டால் உங்களிடமும் பதில் இருக்காது.

நான் இரண்டு படம் பக்கத்தில் பக்கத்தில் வைப்பேன். ஒன்று வாய்ப்பு. மற்றொன்று நம்பகம்: துண்டு துண்டாகச் சோதித்தபோது வந்த விடைகள் எவ்வளவு முரண்பட்டன, எங்கே நாம் கால்வைத்ததே இல்லை என்பது. வாய்ப்பும் நம்பகமும் உயர்ந்த கட்டம் இப்போதே காக்க வேண்டியது. வாய்ப்பு உயர்ந்து நம்பகம் தாழ்ந்தது, எந்த அனுமதியும் கொடுக்கும் முன் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டியது. இப்படிச் சொன்னால் அதிகாரிக்கு அடுத்து என்ன செய்வது என்று தெரிகிறது.

அதன் மேல் காப்புக்காட்டு எல்லையையும், வருவாய்ப் புறம்போக்கு எல்லையையும் போடுங்கள். பறவையின் நல்ல கட்டங்களில் எவ்வளவு காப்புக்காட்டுக்கு வெளியே கிடக்கிறது என்பதே பெரும்பாலும் கூட்டத்தின் முக்கிய எண் ஆகிவிடும். மரம் நடும் திட்டத்தின் இடப் பட்டியல் கிடைத்தால் அதையும் மேலே வையுங்கள். பாறைச் சரிவில் குழி வெட்டித் தைலமரம் நடுவது பசுமைப் பணி என்று நினைக்கிறவர்களுக்குச் சண்டை போடாமல் புரியவைக்க இதைவிட நல்ல வழி எனக்குக் கிடைக்கவில்லை.

பல இனங்களுக்கு வரைபடம் சேர்ந்துவிட்டால், எந்தக் கட்டங்களைச் சேர்த்தால் குறைந்த பரப்பில் அதிக இனங்கள் அடங்கும் என்று கணக்கிட சோனேஷன், மார்க்சன் போன்ற நிரல்கள் உள்ளன. அதற்கு முன் ஒவ்வொரு இனத்தின் வரைபடமும் தனியாக நிற்க வேண்டும். பத்து மோசமான வரைபடங்களை அடுக்கினால் ஒரு பெரிய மோசமான வரைபடம் கிடைக்கும், அவ்வளவே.

பொதுவில் வெளியிடும்போது புள்ளிகளைக் கொடுக்காதீர்கள். ஐந்து கிலோமீட்டர் கட்டமாகக் கொடுங்கள். சின்னானுக்கு இதனால் பெரிய ஆபத்தில்லை, ஆனால் தேவாங்குக்கும் செஞ்சந்தனத்துக்கும் சந்தனத்துக்கும் உண்டு. முழு விவரம் வனத்துறைக்கும், அந்தந்த ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவுக்கும். புதூர்நாட்டிலோ பீஞ்சமந்தையிலோ கிடைத்த தகவல் என்றால், அச்சிட்ட படம் முதலில் அந்த ஊருக்குத்தான் போக வேண்டும். பெரிய தாளில், ஓடைப் பெயர்களைத் தமிழில் போட்டு. திண்ணையில் விரித்தால் பத்து நிமிடத்தில் நாலு பேர் பேனா கேட்பார்கள். உங்கள் அடுக்கில் இல்லாத இரண்டு ஊற்றையாவது குறித்துத் தருவார்கள்.

படத்தின் மூலையில் மறக்காமல் எழுத வேண்டியவை: எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரையிலான பதிவுகள், எத்தனை புள்ளி, எத்தனை கட்டம் நடந்தோம், எத்தனை கட்டம் நடக்கவில்லை. என் இப்போதைய படத்தில் நடக்காத கட்டங்களைச் சாய்கோடு போட்டு வைத்திருக்கிறேன். பேரணாம்பட்டுக்கு வடக்கே, எல்லையை ஒட்டி, சாய்கோடு இன்னும் அடர்த்தியாகத்தான் இருக்கிறது. யானை நடமாட்டம் இருப்பதால் அங்கே வனக்காவலர் இல்லாமல் போக முடியாது. அனுமதிக் கடிதம் எழுதிவிட்டேன். பிப்ரவரிக்குள் கிடைத்தால் இச்சி பழுக்கும் நேரத்துக்குப் போய்விடலாம்.